மேலே ஏறிய ஜெர்சி

மகள் கல்யாணத்துக்குக் கோட்டு போட மாட்டேன் என்று நான் அறிவித்தது, பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது.

"கோட்டு கிடையாது. டை கிடையாது. ஜெர்சிதான். முடிவு பண்ணிட்டேன்."

கரண்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினேன். முடிவெடுத்தால் அப்படித்தான் தட்டுவேன். சூப் தெறித்தது. கிஸ்லேன் மேஜைவிரிப்பில் விழுந்த மஞ்சள் துளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே பார்வையில்தான் பார்த்தாள்.

என் மனைவி கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே கத்துவதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கத்தாமலே ஆளைக் கொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"எந்த ஜெர்சி?" என்றாள்.

"என்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான்."

"இப்ப உன் மேல இருக்கே, அதுவா?"

"அதேதான்."

"நான் அதை உன் தோலுன்னு நினைச்சேன்."

எங்கள் வால்-ரூஜ் ஊரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே ஓநாய் படம் போட்ட தொப்பியை மாட்டிவிடுவார்கள். எங்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குச் சிவப்பு ஓநாய்கள் என்று பெயர். என் ஜெர்சியின் முதுகில் இருப்பது கூர்ஷேனின் எண், பதினேழு. இந்த வருஷம் கோப்பைச் சுற்று தொடங்கிய அன்று போட்டேன். ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் அதுதான் உடம்பில். துவைக்கவில்லை. துவைத்தால் சோப்பு நுரையோடு வெற்றியும் சாக்கடைக்குப் போய்விடும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பு ஒரு வருஷம் நான் தூங்கும்போது கிஸ்லேன் அதைத் துவைத்துவிட்டாள். மறுநாள் தோற்றோம். அன்றிலிருந்து கோப்பை எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷம் இறுதிச் சுற்று. ஆளுக்கு மூன்று வெற்றி. கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம் சனிக்கிழமை மாலை. மரீஸின் கல்யாணமும் சனிக்கிழமை மாலை. கோப்பைச் சுற்று நடக்கும் மாதத்தில் எவன் கல்யாணம் வைப்பான்? ஹாக்கி பார்க்காதவன் வைப்பான். மாப்பிள்ளை பல் டாக்டர். ஹாக்கி ஆட்டக்காரர்களின் உடைந்த பல்லை நம்பிப் பிழைக்கிற தொழில். அந்த நன்றி கெட்டவன் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மரீஸ் அழ ஆரம்பித்தாள். "அப்பா, நீங்கதானே என் கையைப் பிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். பாதி தூரத்துல நான் மயங்கி விழுந்துடுவேன்."

"சந்தோஷத்துலயா?"

"வாடையில!"

"சரி," என்றேன் பெருந்தன்மையாக. "ஜெர்சியை உள்ள போட்டுக்கறேன். மேல கோட்டு."

"வாடைக்கு உள்ள வெளியன்னு கிடையாது நார்பேர்," என்றாள் கிஸ்லேன். "பங்குச் சாமியார் வச்சிருக்கற சாம்பிராணி உனக்கே பத்தாது. மத்த ஜனங்களுக்கு என்ன பண்ணுவார்?"

"ஊரே பதினொரு வருஷமா இந்தக் கோப்பைக்குக் காத்திட்டிருக்கு."

"நான் இருபத்தாறு வருஷமா ஒரு நடனத்துக்குக் காத்திட்டிருக்கேன். நான் ஏதாவது கேட்டேனா?"

இந்தப் பழைய கதையை எப்போது பார்த்தாலும் இழுப்பாள். எங்கள் கல்யாணத்தன்றும் ஒரு இறுதி ஆட்டம். மணமக்கள் ஆட வேண்டிய முதல் நடனத்தின்போது நான் கோயிலின் உடைமாற்றும் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். இவள் பங்குச் சாமியாரின் தாத்தாவோடு ஆடினாள். அன்று நாங்கள் ஜெயித்தோம் என்பதை மட்டும் இவள் யாரிடமும் சொல்வதே இல்லை.

நான் எழுந்து மறுபடி மேஜையைத் தட்டினேன். பேச்சு முடிந்தது. அதாவது, முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. வேலி ஓரம் நானும் பக்கத்து வீட்டு ஊபால்டும் நின்று எங்கள் வழக்கமான சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஊபால்ட் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உலகத்தில் எங்களுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு. பனியில் ஒரு நேரத்தில் ஆறு பேர் நிற்பார்கள். ஓநாய்களின் எல்லாக் காலத்துக்கும் சிறந்த அந்த ஆறு பேர் யார் என்பதில் ஐந்து பேர் வரைக்கும் சிக்கல் இல்லை. ஆறாவது ஆளில்தான் ரத்தம் கொதிக்கும்.

"லாங்டோ," என்றேன்.

"பிஸோன்," என்றான்.

"பிஸோனா? அவன் நேரா ஓட மாட்டான்டா!"

"லாங்டோ ஓடவே மாட்டான். கடைசி ரெண்டு வருஷம் பனியில முளைச்சு நின்னான்."

அப்போது பின்வாசல் படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கிஸ்லேன் தலையைத் தூக்கினாள். "மத்த அஞ்சு பேர் யாரு?" என்று கேட்டாள்.

நானும் ஊபால்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான நாளிலிருந்து இவள் கேட்ட முதல் ஹாக்கிக் கேள்வி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலியை விட்டுப் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கோல் காக்க ஓனெஸிம் திபோ. முகமூடி போடாத காலத்து ஆள். வட்டு எங்கே வருகிறது என்று பார்த்து மூஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பார். தடுப்பில் ஹெர்வே பாஷாண்ட். பட்டப்பெயர் 'கதவு'. அவரைத் தாண்டிப் போனவன் இல்லை. தாண்டப் பார்த்தவன் ஆஸ்பத்திரியில். அவர் பக்கத்தில் அவர் தம்பி, அவனுக்கு ஜன்னல் என்று பெயர், ஏனென்றால் அவ்வப்போது திறந்திருக்கும். நடுவில் சின்ன லாவிக்ன், பெஞ்சில் ஏறி நின்றால்தான் தெரிவான். வலதில் கூர்ஷேன். உடைந்த காலோடு இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர். போட்ட பிறகுதான் கால் உடைந்தது என்று ஊபால்ட் சொல்வான். அவனை விடுங்கள்.

"அரங்கத்துல மேல கம்பியில தொங்குதே ஜெர்சிங்க, அதெல்லாம் இவங்களோடதா?"

"ஆமா! மேல ஏத்தறதுதான் பெரிய மரியாதை. ஏத்திட்டா யாரும் போடக்கூடாது."

"ஒரு நாள் அவசரத்துக்குக்கூடவா?"

"என்ன கேள்வி கேக்கற?" என்று சிரித்தேன். "கதவோட ஜெர்சியை இறக்கி யாரோ ஒரு புதுப் பையனுக்குக் குடுக்கப் பாத்தாங்களே, ஞாபகம் இல்லை? ஜனவரிக் குளிர்ல அட்டை பிடிச்சிட்டு அரங்க வாசல்ல நின்னது யாரு?"

"நீதான். மூக்கு நீலமா வந்து சேர்ந்தே."

"அட்டையில என்ன எழுதியிருந்தேன்?"

"மேலே ஏறிய ஜெர்சி கீழே இறங்காது," என்றான் ஊபால்ட், தொப்பியைக் கழற்றி. ஊபால்ட் அந்த வாசகத்தைத் தொப்பியோடு சொல்ல மாட்டான்.

கிஸ்லேன் தலையாட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். கல்யாண உடை பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பங்கு மண்டபத்தில் இரண்டு வீட்டாருக்கும் விருந்து. மேப்பிள் பாகில் சுட்ட பன்றித் தொடை, மாவு ஓட்டுக்குள் இறைச்சியை வைத்துச் சுட்ட இறைச்சிப் பை, சர்க்கரையை வைத்துச் சுட்ட சர்க்கரைப் பை. மதுக்கடை நண்பர்கள் அத்தனை பேரையும் கிஸ்லேன் அழைத்திருந்தாள். நான் ஜெர்சியில்தான் போனேன். சம்பந்தியம்மா என்னைக் கட்டியணைக்க வந்து, பாதி வழியில் மனம் மாறிக் கைகுலுக்கினார்.

சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்தார்கள். ஒரே ஒரு வெளிச்சம், என் மேல். கோயில் ஆர்கன்காரர் அரங்கத்தில் வாசிக்கும் அதே மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். கிஸ்லேன் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாக் காலத்துக்கும் சிறந்த சிவப்பு ஓநாய்கள்," என்றாள் தன் மடத்துக் குரலில். "கோல்ல, ஓனெஸிம் திபோ. தடுப்புல, கதவும் ஜன்னலும். நடுவுல, சின்ன லாவிக்ன். வலதுல, கூர்ஷேன்."

மண்டபம் அதிர்ந்தது. ஊபால்ட் மேஜையில் ஏறிவிட்டான்.

"ஆறாவது ஆள் யாருங்கறதுல இந்த ஊருக்கு ரொம்ப நாளா சண்டை. இன்னைக்கு அதை முடிச்சு வைக்கறேன். ஒரு நாளும் பனியில கால் வைக்காதவர். ஆனா ஓநாய்களுக்காக இவர் இழந்ததை எந்த ஆட்டக்காரனும் இழக்கலை. சொந்தக் கல்யாணத்துல முதல் நடனத்தையே இழந்தவர். இடதுல... நார்பேர் லஷான்ஸ்!"

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு இறங்கியது. என் கையாலேயே, ஆமாம், என் இரண்டு கையாலேயே, ஜெர்சியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். ஊபால்ட் இழுத்தான். பதினேழு மெல்ல மெல்ல ஏறி உத்தரத்துக்குக் கீழே போய் நின்றது. கம்பி வேலைக்காரனின் முடிச்சு. அதை அவிழ்க்க இன்னொரு கம்பி வேலைக்காரன்தான் வர வேண்டும். நான் பனியனோடு நின்று நீண்ட உரை ஆற்றினேன். எல்லாரும் அழுதார்கள். சம்பந்தியம்மா ஜெர்சி ஏறும்போதே மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அழுதார். ஏற்றிய பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"குளிரும்ப்பா," என்று மரீஸ் ஒரு கோட்டைக் கொண்டுவந்து போர்த்தினாள். கறுப்பு. புதுசு. தோளும் கையும் என் அளவுக்கே தைத்திருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது சனிக்கிழமை காலையில். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து நாற்காலியைப் பார்த்தேன். ஜெர்சி இல்லை. ஏழாவது ஆட்டம்! கால்சட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

வாசலில் ஊபால்ட் நின்றிருந்தான். கையில் அட்டை. என் அட்டை. என் கையெழுத்து.

"டேய், ஒரே ஒரு நாளுக்கு இறக்குடா. ராத்திரியே திரும்ப ஏத்திடலாம்."

"அன்னைக்கு அரங்கத்துக்காரங்களும் இதையேதானே சொன்னாங்க?"

"இது வேற, அது வேற!"

"இன்னைக்கு உன்னோடதை இறக்கினா நாளைக்குக் கதவோடதை இறக்குவாங்க. அப்ப எந்த மூஞ்சியை வச்சிட்டுப் போய் நிப்போம்? கொள்கைன்னா கொள்கை நார்பேர். உன்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

கோட்டு போட்டேன். டை போட்டேன். மரீஸின் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரை நடந்தேன். அவள் மயங்கவில்லை. என் தோளில் சாய்ந்து, "சோப்பு வாசனை வருதுப்பா," என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் கைக்குட்டையைத் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓநாய்களை நினைத்துத்தான்.

கல்யாண விருந்தும் அதே பங்கு மண்டபத்தில்தான். அங்கே தொலைக்காட்சி இல்லை. இருந்ததாம், பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார்களாம். காதில் சின்ன ரேடியோ ஒயரைச் செருகிக்கொண்டு மூலையில் நின்றவன் ஊபால்ட் ஒருவன்தான். நான் அவன் பக்கம் நகர்வதற்குள் கிஸ்லேன் என் கையைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு பாட்டு."

"ஆட்டம் தொடங்கிடுச்சு கிஸ்லேன்!"

"ஒண்ணே ஒண்ணு."

நான்கு அடி எடுத்து வைத்திருப்பேன். மூலையிலிருந்து, "கோல்! நம்ம கோல்!" என்று ஊபால்ட் அலறினான். நடனத்தை விட்டுவிட்டு அவனிடம் ஓடினேன். அவன் முகம் சுருங்கியது. "போச்சு. அவங்க போட்டுட்டாங்க."

திரும்பிப் போய் ஆடினேன். "நம்ம கோல்!" நின்றேன். "அவங்க கோல்!" ஆடினேன். "நம்மது!" ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தேன். "டேய் பாவி, நிக்காதே! ஆடு! நின்னா போடறான்!"

அதன்பிறகு யார் என்னை நிறுத்த முடியும்? வால்ட்ஸ் ஆடினேன். போல்கா ஆடினேன். வாத்தியக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது சத்தமில்லாமல் ஆடினேன். கேக் வெட்டியபோது கேக்கைச் சுற்றி ஆடினேன். கிஸ்லேன் என் தோளில் கை வைத்து, கண்ணை மூடி, இருபது வயசுக்காரி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் பதினேழு லேசாக அசைந்தது.

ஜெயித்தோம். வெளியே ஊர் முழுக்கக் கார் ஹாரன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் கூட்டம். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கோப்பையை வாங்கிக் கொடுத்தவன் அல்லவா?

"நம்ம கோல்கீப்பர் சிங்கம்ப்பா!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ஏழாவது ஆட்டத்துல எதிரிக்கு ஒரு கோல்கூட விடலையே!"

"ஒரு கோல்கூடவா?"

"ஒண்ணுகூட. நீ எங்கே பாத்தே, ஆடிக்கிட்டே இருந்தியாமே."

நேராக ஊபால்ட் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் மூன்று சர்க்கரைப் பை. என் மனைவி விளிம்பு மடிக்கும் விதம் எனக்குத் தெரியாதா? ஊபால்டின் வாய் நிறைந்திருந்தது.

"ரேடியோவுல என்னடா கேட்டே?"

விழுங்கினான். "பாட்டரி போடலைப்பா. போட்டிருந்தா நிஜ ஆட்டத்துலயே மூழ்கியிருப்பேன், உன் பொண்டாட்டிகிட்ட வாக்கு குடுத்திருந்தேன்."

"நண்பனாடா நீ? கொள்கைன்னு பேசினியே!"

"ஜெர்சி விஷயம் கொள்கை. ரேடியோ விஷயம் பை."

வீட்டுக்கு வந்து கரண்டியைத் தேடினேன், தட்டுவதற்கு. கரண்டி கிஸ்லேன் கையில் இருந்தது.

"ஏமாத்தியிருக்கே!"

"ஆமா."

"இனிமே கோட்டும் கிடையாது, டான்ஸும் கிடையாது!"

"வேண்டாம்," என்றாள் சாதுவாக. "ஆனா யோசிச்சுப் பாரு நார்பேர். பதினொரு வருஷம் அதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே, வரலை. ஒரு நாள் கோட்டு போட்டு ஆடினே, கோப்பை வந்துடுச்சு. அடுத்த வருஷம் நீ உக்காந்து, அவங்க தோத்துட்டா, ஊருக்கு நீதான் பதில் சொல்லணும்."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் சொன்னதில் ஓட்டை இல்லை.

புது சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் ஊர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வால்ட்ஸ் இப்போது நன்றாகவே வருகிறது.