மாமாவின் காரும் அம்மாவின் ரயில் பாஸும்

ஒரேத்தோ வீதி, பலெர்மோ, இத்தாலி.

சுவிஸின் தூண் நகரில் எழுந்தருளியிருப்பவரும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் எழுந்து போய்விட்டவருமான பேனாட் மாமாவுக்கு,

உங்கள் தங்கை ஸ்ரெல்லாவின் ஒரே மகள் அமலினி பணிவோடு எழுதிக்கொள்வது. (பணிவு என்றதும் சிரித்திருப்பீர்கள். நல்லது, பாதிக் கோபம் போயிருக்கும்.) இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் மாமியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நீங்கள் போனை எடுக்கவும் சேர்த்து மன்றாடுகிறோம். எடுக்காததால்தான் முத்திரை ஒட்டி இதை அனுப்புகிறேன். தாளை ‘புளொக்’ பண்ண முடியாது பாருங்கள்.

“ஆகஸ்டிலை வாறம், ரயில் பாஸ் எடுக்கப் போறம்” என்று அப்பா குழுவில் போட்டதும், “ஏன், என்ரை கார் செத்துப்போச்சோ?” என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறினீர்கள். மாமா, உங்கள் காரில் ஒரு குறையும் இல்லை. அது போய் நிற்கிற இடங்களில்தான் குறை. போன தடவை ஒரு கிழமை வந்தோமே, மலை பார்க்க வந்து என்ன பார்த்தோம்? சூரிச் பக்கம் இருக்கும் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பிமார் நாலு பேரின் சோபாக்களைப் பார்த்தோம். ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் அடுத்த கலியாண வீடு வரைக்கும் கதைக்க மாட்டார்கள் என்பதால் காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, பொழுதுபட இன்னொரு வீடு. ‘மலை’க்கு ஒரு அரவு (துணைக்கால்) கூடி ‘மாலை’ ஆனதுதான் மிச்சம். அப்பாவும் நானும் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா “சும்மா ஒரு உதவிக்கு” என்று ஒவ்வொரு குசினிக்குள்ளும் போய் வெங்காயம் வெட்டினார். பலெர்மோவில் அம்மா வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் குசினி, சுவிஸில் சொந்தக்காரரின் குசினி, வெங்காயம் மட்டும் நாடு மாறியது. அம்மா மலையைக் கண்டது ஒரே ஒரு தடவை, உங்கள் வீட்டில் கோப்பை கழுவும்போது, யன்னலுக்குள்ளால். “என்ன வடிவு!” என்றார். புனிதமலர் மாமி “ஓம், குளிர் வருது” என்று யன்னலைச் சாத்திவிட்டார். (இந்த இடத்தை மாமிக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.)

இந்த ஆகஸ்டில் சிஞ்ஞோரா கடற்கரைக்குப் போவதால் அம்மாவுக்கு ஒரு கிழமை லீவு. அம்மா கேட்டது இவ்வளவுதான்: “ஒருத்தற்றை குசினியையும் பாக்காமல் மலையைப் பாக்கவேணும்.” அன்றிலிருந்து அப்பா பாஸ் படிக்கிறார். நான் கணக்குக்குக்கூட அப்படிப் படித்ததில்லை, அதனால் வீட்டில் இப்போது இரண்டு பேரும் பாஸ் இல்லை. அரை விலை அட்டை ஒன்று இருக்கிறது, ஆனால் ஏறும்போதெல்லாம் டிக்கெட் எடுக்கவேண்டும். வேலைக்காகப் பகேரியா ரயிலில் தினமும் அடிபடுகிற அப்பா அதற்கு “ஐயோ வேண்டாம்” என்று கும்பிட்டுவிட்டார். நாடு முழுக்க ஓடுகிற பாஸ் ஒன்று. அது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று கண்டதும் “மச்சான் விரும்பினாலும் எடுக்கேலாது!” என்று அப்பா கதிரையிலிருந்து துள்ளினார், தம்பிமார் நாலு பேரின் ஊருக்கும் அது போகும் என்று கண்டதும் இன்னொரு சந்தோஷத் துள்ளல்; அம்மாவுக்கோ அது மறுபடி நாலு குசினி. மூன்றாவது, உங்கள் ஓபர்லாண்ட் மலைப்பக்கத்துக்கு மட்டும் ஆனது. ஆறு நாளுக்கு இருக்கிறது, எட்டு நாளுக்கு இருக்கிறது, ஏழுக்கு இல்லை. “கிழமைக்கு எத்தினை நாளெண்டு இவங்களுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?” என்று அப்பா கத்த, “ஆறு நாள் போதும், ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்வெடுத்தவர்” என்றேன். ஆண்டவரை இழுத்ததற்குக் காதில் ஒரு முறுக்கு.

இப்படியே போனால் பனி உருகிவிடும் என்று, போன வியாழன் நான் குளியலறைக்குள் இருந்து நம்பரை மறைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இத்தாலியனில் அப்பாவை அழைத்தேன். “சிஞ்ஞோர் ஸ்ரான்லி? சுவிஸ் ரயில் கந்தோர். எதற்காக எங்கள் நாட்டுக்கு வருகிறீர்கள்?” சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா எழுந்து நிற்பது கேட்டது. கொஞ்சம் யோசித்து, தன் இத்தாலியனில் சொன்னார்: “மனிசிக்கு மலை. எனக்கு நாலு தம்பிமார். ரெண்டுக்கும் சேத்து ஒரு பாஸ் இருக்கோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. என் பகிடி எனக்கே பிசகியது முதல் தடவை. “ஏதாவது ஒன்றுதான், சிஞ்ஞோர்” என்றேன். “அப்ப மலை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பிமாருக்கு மட்டும் நீங்களே ஒருக்கா எடுத்துச் சொல்லுவீங்களோ?” என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அம்மா கதவில் அடித்தார்: “அமலினி, எவ்வளவு நேரமா உள்ளுக்கை?” அது போனிலும் கேட்டது, சுவராலும் கேட்டது. “வெளியிலை வாடி, சுவிஸ் கந்தோர்!” என்றார் அப்பா.

ஆகவே மாமா, ஓபர்லாண்ட் பாஸ்தான் வழி. உங்கள் வீடு அதற்குள், தம்பிமார் அதற்கு வெளியே. “வர விருப்பம்தான், பாஸ் விடுகுதில்லை” என்றால் பாஸோடு யார் கோபிப்பார்கள்? நீங்கள் குழுவுக்குத் திரும்பி வந்து, “ஓம், அந்தப் பாஸ் நல்லது” என்று ஒரு வரி போடவேண்டும். நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார், மச்சான் சொன்னால் கேட்பார். அதைவிட, நீங்கள் போன நாளிலிருந்து போன் சத்தம் போடும்போதெல்லாம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பார்க்கிறார். “அண்ணா கோவமெண்டா நான் ஒரு இடமும் வரேல்லை” என்கிறார். அம்மாவின் அந்த ஒரு கிழமை லீவு இப்போது உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது.

உங்கள் முழங்காலுக்கும், மாமியின் பிரஷருக்கும், காரின் பற்றறிக்கும் அந்தோனியார் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு கோபிக்கத் தெரியாத மருமகள்,
அமலினி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மா இதை வாசித்துவிட்டார். ஏசவில்லை. என் போனை வாங்கி, பாஸைத் தானே எடுத்துவிட்டார். ஓபர்லாண்ட் இல்லை, அப்பா கேட்ட அதே நாடு முழுவதற்குமான பாஸ்தான், ஆனால் அப்பா இல்லாமல். எட்டு நாள், பெரியவர் ஒருவர். “அப்ப நான்?” என்றார் அப்பா. “உங்கடை தம்பிமாரை நீங்கள் போய்ப் பாருங்கோ.” இரவில் படுக்க மட்டும் உங்கள் வீட்டுக்கு வருவாராம், விடிய முதல் ரயிலில் போய்விடுவாராம். “அண்ணா கோவிச்சால்?” என்று கேட்டேன். “கோவிக்கட்டும், நான் ரயிலிலை இருப்பன்” என்றார். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, அப்பாவுக்கும் எனக்கும் காரைக் கழுவி வையுங்கள். பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் அந்தப் பாஸில் தாயோடு இலவசமாகப் போகலாம், படிவத்தில் ஒரு பெட்டிக்குள் சரி அடையாளம் போட்டால் போதும். “அம்மா, நான் சும்மா வரலாம்” என்று காட்டினேன். “தெரியும்” என்றார். “நீ சும்மா வரமாட்டாய், கதைச்சுக்கொண்டு வருவாய்.”