பி.காமாட்சி

மூன்றே எழுத்து. அதை அழிக்கத்தான் காசிமாயன் காலை ஏழு மணியிலிருந்து முக்காலி மேல் நின்று முக்கிக்கொண்டிருந்தார்.

திருப்பூர் ராயபுரத்து லைன் வீட்டு வாசல் சுவரில் "மா. காசிமாயன், பி.காம்" என்று கறுப்பு எனாமலில் எழுதி இருபது வருடமாகிறது. வெள்ளைப் பெயின்ட் ஒரு கை அடித்தார். காய்ந்ததும் பி.காம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாம் கை அடித்தார். அழுக்கேறிய சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆகி, இத்தனை நாள் கவனிக்காதவர்கள்கூட நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

"அப்பா, பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ. வந்துருவாருங்ப்பா," என்றாள் மகள் நதியா. பெற்றவர்கள் இருவரும் உசிலம்பட்டிப் பக்கம். மகள் திருப்பூரில் பிறந்தவள் என்பதால் நாக்கில் கொங்கு ஏறிவிட்டது. "இத எதுக்கு அழிக்கறீங்க? மதுரைப் பக்கம் படிச்ச டிகிரி இந்த மாவட்டத்துல செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"செல்லாதுதேன் ஆத்தா. ஆனா பாக்குற ஆபீசருக்குக் கொழப்பம் வரக் கூடாதுல்ல?"

அந்தச் சட்டத்தை இயற்றியவர் காசிமாயன்தான். பத்து நாளைக்கு முன்பு, வேறு வழியில்லாமல்.

வினை போனில் வந்தது. பேசியவர் இளங்கோ, பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் அட்மிஷன் அதிகாரி. ஒரு காலத்தில் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்களையே கேட்டில் நிறுத்தி வைத்த கல்லூரி அது. இப்போது உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை. அதையும் கோயமுத்தூருக்கோ கனடாவுக்கோ அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே கல்லூரி வேனை எடுத்துக்கொண்டு லைன் வீடு லைன் வீடாக அலைகிறது.

"அண்ணா, இப்பெல்லாம் எங்க கிளாஸ்ல பாதி தெக்கத்திக்காரங்க பசங்க, மீதி பீகார், ஒடிசாப் பசங்கதானுங்க. கொங்குத் தமிழே இனி அவங்ககிட்டத்தான் கத்துக்கோணும். பாப்பா மார்க்குக்குக் கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதிங்க. முதல் பட்டதாரி சான்றிதழ் மட்டும் வாங்கிருங்க, பீஸை அரசாங்கம் பாத்துக்கும். உங்க ஊட்ல டிகிரி படிச்சவங்க யாருமில்லீங்களே?"

காசிமாயன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பீஸ் கட்ட வழியில்லை. நதியா நேராக பனியன் கம்பெனித் தையல் மெஷினில்தான் போய் உட்கார வேண்டும். நூலில் மூச்சுவிட்டு நூலிலேயே சளி துப்பும் பிழைப்பு தன்னோடு போகட்டும் என்று அவர் நேர்ந்துகொள்ளாத சாமியில்லை.

"யாருமில்லீங்க," என்றார்.

போனை வைத்த பிறகுதான் மனைவி கருத்தம்மாவும் மகளும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மாவட்டச் சட்டம் அந்த நொடியில் பிறந்தது.

"அப்ப, இந்த மாவட்டத்துலயே படிச்சிருந்தா?" என்று கேட்டாள் கருத்தம்மா.

"அது செல்லும்," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

உண்மை என்னவென்றால், காசிமாயன் பிளஸ் டூவே தேறாதவர். பெண் பார்க்கப் போன இடத்தில் தாய்மாமன் ஒருவர் "பையன் பி.காம்" என்று அள்ளிவிட்டார். பெண் வீட்டார் மயங்கினார்கள். பிறகு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கும் அதே பி.காம் கைகொடுத்தது. எங்கே டிகிரியைக் காட்டு என்று இருபது வருடத்தில் ஒரு பிள்ளை கேட்கவில்லை. இருக்கிறது என்று சொல்ல ஒரு காகிதமும் தேவைப்படாத நாட்டில், இல்லை என்று சொல்லத்தான் இப்போது இத்தனை பாடு.

முக்காலி மேல் நின்றபடியே அவருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. அழிக்க முடியாததை வளர்த்துவிட்டால் என்ன? "ம்" மீதிருந்த புள்ளியைச் சுரண்டினார். பக்கத்தில் கால் போட்டார். "ட்சி" சேர்த்தார். பி.காம், பி.காமாட்சி ஆனது. தெய்வத்தின் பெயர், யார் என்ன கேட்க முடியும்?

கருத்தம்மா வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். செக்கிங் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை கூட ஓவர்டைம் என்று கிளம்பிவிடுகிறவள். ஒரு பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண் அது.

"எவ அவ?"

"எவளா? தெய்வம்டி! காஞ்சி காமாச்சி!"

"தெய்வத்துக்கு எதுக்கு இனிசியலு?"

காசிமாயன் பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவுக்குள் முக்கினார்.

"சரி, அது கெடக்கட்டும். ஏங்க, ஒரு விசயம் சொல்லணும். பத்து நாளா சொல்ல வாரேன்..."

"எல்லாம் சர்டிபிகேட் வந்தப்பறம் சொல்லு!"

முக்காலியிலிருந்து குதித்து உள்ளே ஓடினார். சுவரில் இன்னொரு பகை இருந்தது: கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவர் நிற்கும் போட்டோ. கல்யாணத்துக்கு முன்பு உசிலம்பட்டி ஸ்டுடியோவில் எடுத்தது. அங்கி ஸ்டுடியோக்காரருடையது. கையில் பட்டம் போல் சுருட்டிப் பிடித்திருந்தது யாரோ ஒருவருடைய காதுகுத்துப் பத்திரிகை. போட்டோவைக் கழற்றினார். சுவரில் அதே அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம், "இங்கே ஏதோ ஒளிக்கப்பட்டிருக்கிறது" என்று கத்தியது. போட்டோவையே திரும்ப மாட்டி, அதன் மேல் முருகன் படம் போட்ட தினசரி காலண்டரைத் தொங்கவிட்டார்.

அடுத்தது மயிலாள். லைன் வீட்டின் சொந்தக்காரம்மா, பக்கத்து வாசல். விசாரணைக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்று இளங்கோ சொல்லியிருந்தார். ஆனால் "அக்கா, நான் படிக்காதவன்னு சொல்லுங்க" என்று எப்படிச் சொல்வது? அந்தம்மாவின் மகளுக்கே நாலு வருடம் டியூசன் எடுத்தவராயிற்றே காசிமாயன்.

"அக்கா, இன்னைக்கு ஒரு ஆபீசர் வாரார். என் படிப்பப் பத்திக் கேப்பார். கொஞ்சம்... பாத்துச் சொல்லுங்கக்கா." கண்ணையும் சிமிட்டி வைத்தார்.

மயிலாள் முகம் மலர்ந்தது. "இத நீங்க சொல்லோணுமுங்களா? நான் பாத்துக்கறனுங்க!"

பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ. திருமூர்த்தி வந்தார். பின்னால் ஃபைல் கட்டோடு உதவியாளர் அய்யாசாமி. திருமூர்த்தி சுவரை நிமிர்ந்து பார்த்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை.

"மா. காசிமாயன், பி. காமாட்சி," என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். "ரேசன் கார்டுல உங்க சம்சாரம் பேரு கருத்தம்மான்னு இருக்குதுங்க. இந்த காமாட்சி யாருங்க? சின்ன ஊடுங்களா?"

"ஐயோ சார்!"

"சரி, அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க," என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். "தப்பா நெனைக்காதீங்க. பதினஞ்சு வருசத்துக்கு முந்தி இந்தச் சான்றிதழ் கட்டுக் கட்டாக் குடுத்தனுங்க. இப்ப ஊட்டுக்கு ஊடு டிகிரி. முதல் பட்டதாரி கெடைக்கறது குதிரைக் கொம்பாப் போச்சு. வடக்கத்திப் புள்ளைங்களுக்குத்தான் பாதி குடுக்கறேன். மிச்சமெல்லாம் டூப்பு. போன வாரம் ஒருத்தன், டாக்டர் அண்ணனை டிரைவர்ங்கறான். அதான் நானே நேர்ல வர்றேன்."

ஃபைலை எடுத்துக்கொடுத்த அய்யாசாமி, காபி கொண்டுவந்த கருத்தம்மாவைக் கண்ணிமைக்காமல் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல் மறைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"டேய், இங்க கவனி," என்று அதட்டினார் திருமூர்த்தி. "நாளு நல்லாருக்குதான்னு பாப்போம். அஷ்டமில கையெழுத்துப் போட்டா எனக்கு ஆகாதுங்க." எழுந்து காலண்டர் தாளைப் புரட்டினார். இரண்டு பாரம் தாங்காமல் ஆணி சாய்ந்தது. முருகன் கீழே விழுந்தார். அங்கியும் தொப்பியுமாகக் காசிமாயன் வெளிப்பட்டார்.

திருமூர்த்தி போட்டோவைப் பார்த்தார். காசிமாயனைப் பார்த்தார்.

"அது... மாறுவேசப் போட்டிங்க சார்."

"கழுத்துல தொங்கறதும் மாறுவேசமுங்களா?"

காசிமாயன் குனிந்து பார்த்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்த கையோடு முக்காலி ஏறியவர் அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தார். "எம். காசிமாயன், பி.காம்., சூப்பர்வைசர்" என்று அது நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மயிலாள் உள்ளே வந்தார். "சாருங்க, நான் இந்த ஊட்டுக்காரி. இவரு பி.காம்னு நீங்க கொறைச்சு நெனைச்சுப் போடாதீங்க. எம்.காமும் முடிச்சுப்போட்டாருங்க! தங்கமான மனுசன், வெளிய சொல்லிக்க மாட்டாரு!"

திருமூர்த்தி ஃபைலை மூடினார். "பொய் மனு. நிராகரிக்கப்படுகிறதுன்னு எழுதிக்கடா, அய்யாசாமி."

நதியா அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. "போச்சாதுங்ப்பா, போனாப் போவுது, நான் கம்பெனிக்கே போறேன்," என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் காசிமாயன் நெஞ்சைப் பிளந்துவிட்டது. இருபது வருடத்து கௌரவம் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போனது.

"சார், நில்லுங்க!" கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். வணிகவியல்: இருநூற்றுக்குப் பதினேழு.

"நான் பெயில் சார். காலேஜ்ல மூணு வருசம் இருந்தேன், மெய்தேன். ஆனா கேன்டீன்ல. டீ ஊத்துனேன். பி.காம் பசங்களுக்குந்தேன் ஊத்துனேன். அம்புட்டுதேன் எனக்கும் பி.காமுக்கும் ஒறவு."

மயிலாள் நெஞ்சில் கை வைத்தார். "அப்ப எம் பொண்ணுக்கு நாலு வருசம் டியூசன் எடுத்தீங்களேங்க?"

"ஒவ்வொரு நாளும் மொத நாளு படிச்சுட்டு வந்துதேன்க்கா எடுத்தேன்."

கருத்தம்மா சமையலறை வாசலில் நின்றாள். "இருபது வருசமா... ஒரு படிச்ச மனுசனுக்கு வாக்கப்பட்டுட்டமேன்னு நான் எம்புட்டு..." என்று ஆரம்பித்தவள், அய்யாசாமியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். "ஏங்க, இப்பவாச்சும் நான் சொல்றத..."

"என்னைய அப்பறம் வையி கருத்தம்மா. உங்காலுல விழுறேன். இப்ப பேசாத."

நதியா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினேழுங்களா? பரவால்லீங்ப்பா. நீங்க ஊத்துன டீ நல்லாத்தான் இருந்திருக்கும்." சிரித்தாள், கண்ணில் நீரோடு. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்த காசிமாயனுக்கு, கல்யாணத்தன்றுகூட இல்லாத நிம்மதி அப்போது வந்தது.

திருமூர்த்தி மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளகிவிட்டார். "என்ற சர்வீஸ்ல இப்படி ஒரு சர்டிபிகேட்டை யாரும் காட்டுனதில்லீங்க. பதினேழை எவனும் டூப்ளிகேட் அடிக்க மாட்டான். போலி டிகிரி பாத்திருக்கறேன், நெசமான பெயிலு இப்பத்தான் பாக்கறேன்." பேனாவைத் திறந்தார். "'இக்குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது.' நல்லாப் படி கண்ணு."

கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு மயிலாள், எம்.காம் போன வருத்தத்தோடு போட்டார். தாள் அடுத்த சாட்சியிடம் போனது.

"போடுடா அய்யாசாமி. இவனும் தபால்ல பட்டம் வாங்கறேன்னு மூணு வருசமா ஞாயித்துக்கெழம டூட்டிக்கு வர்றதில்லீங்க. அரியர்தான் வாங்கறான்."

அய்யாசாமி பேனாவை வாங்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்ற கருத்தம்மாவைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகக் கும்பிட்டான்.

"ஏனுங்கக்கா, 'எங்க ஊட்டுக்காரர் பி.காமுங்க, அவருக்குச் சமமா நானும் ஒரு டிகிரி வாங்கோணும்'னு ஞாயித்துக்கெழம கிளாஸ்ல மொத பெஞ்சுலயே உக்காந்து, போன மாசம் பி.ஏ. ஃபர்ஸ்ட் கிளாஸ் அடிச்சது நீங்கதானுங்களே?"