ஏரிக்கரையில் யாரும் இல்லை

பட்டாபிராமில் தனியாக அழுவதற்கு இடம் கிடையாது. வீட்டில் அழுதால் பக்கத்து ஃப்ளாட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். சென்ட்ரல் போகும் ரயிலில் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்க முடியாது. நான் வேலை பார்க்கும் பத்திரிகை அலுவலகத்தில் அழலாம். பக்கம் முடிக்கிற அவசரத்தில் அதை யாரும் மதிப்பதில்லை.

அம்மா இறந்து ஆறு மாதமாகியும் எனக்கு அழுகை வராததற்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது. தூக்கமும் வரவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. "என்னையாவது திட்டேன்" என்றார் கணவர் ரவி. (அதற்கும் தெம்பில்லை.) பாட்டும் மரமும் ஓட்டமும் சேர்ந்தால் மனசு ஆறும் என்று தோழி ஒருத்தி என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். புல்லாங்குழல், நடுநடுவே அறிவுரை சொல்லும் ஒரு பெண்குரல்.

காலையில் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தேன். ஓடினேன் என்பது என் தரப்புச் செய்தி. ஓர் எருமை என்னை முந்திப் போனதையும் பதிவு செய்தாக வேண்டும்.

அது ஓர் ஆடி ஞாயிறு. கரையோர அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விசேஷம். பெண்கள் தலையில் கூழ்ப்பானையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கோயிலை நெருங்கியதும் என் காதில் பாட்டு நின்றது. வேப்பமரத்தடியில் நின்று போனில் சத்தத்தை முழுக்க ஏற்றினேன்.

"தோள்களைத் தளர்த்துங்கள்" என்றது கோயில் ஒலிபெருக்கி. "சுமப்பதையெல்லாம் இறக்கி வையுங்கள்."

வரிசையில் முதலில் வந்த பெண் பானையை இறக்கி வைத்தாள்.

வைகாசியில் மாடி ஃப்ளாட்காரர்களின் கிரகப்பிரவேசத்தில் நாதஸ்வரம் போட, வாடகைக்கு வந்த சேகரின் சவுண்ட் செட்டோடு என் போனைப் புளூடூத்தில் இணைத்திருந்தேன். கோயிலிலும் அதே செட். (தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில்) என் போனை அது பிடித்துக்கொண்டது. நிறுத்தப் பார்த்தேன், வியர்வைக் கைக்குத் திரை மசியவில்லை.

"யக்கா, உன் போனுதான் பேசிகினு கீது. பூசாரி மொறைக்கிறாரு" என்றான் சேகர். பிளக்கைப் பிடுங்கினால் அம்மன் தலைக்கு மேலே எரியும் விளக்கும் அணைந்துவிடும் என்று தயங்கினான்.

"சொல்ல முடியாததை வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கே யாரும் இல்லை" என்றது குரல். அதற்குப் பிறகு குயில் சத்தம் மட்டும். வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது.

"இன்னாம்மா, சொல்லேன்" என்றாள் பானையை இறக்கியவள். "நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "எங்கம்மா செத்துட்டாங்க" என்று வந்தது.

செய்தியில் 'காலமானார்' என்றுதான் எழுதுவோம். ஆறு மாதமாக விசாரித்தவர்களிடமெல்லாம் அப்படியேதான் சொல்லிவந்தேன். இப்போது அழுதேன். புத்தம்புது ஓட்டக் காலணியோடு, மூக்கு ஒழுக, சத்தமாக. செயலி உரிய இடத்தில் புல்லாங்குழலைச் சேர்த்தது.

அந்தப் பெண், பெயர் செல்வி, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எங்கம்மா போனப்ப நான் மாவு ஆட்டிகினே அழுதேன். கிரைண்டர் சத்தத்துல ஊட்ல ஒருத்தருக்கும் தெரில."

முதல் கூழ் அம்மனுக்கு என்றார் பூசாரி. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ரெண்டாவது அந்தம்மாவுக்கு என்றார். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு குடித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். அதற்குள் சேகர் வந்து ரவியிடம் நடந்ததை நடித்தே காட்டிவிட்டுப் போயிருந்தான்.

இப்போது வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், "தோள்களைத் தளர்த்துங்கள்" என்று ரவி அந்தக் குரலில் ஆரம்பிப்பார். மகள் புத்தகப் பையைத் தொப்பென்று கீழே போடுவாள்.

ஆடிக்கு ஆடி சேகரும் மைக்கில் ஓர் அறிவிப்பு செய்கிறான்: "அந்த ஓடுற அக்கா எங்க இருந்தாலும் போனை ஆஃப் பண்ணிடுங்க." போன வருடம் அது கேட்டபோது நான் செல்விக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன். தலையில் பானை, போனை எடுக்கக் கை ஒழியவில்லை.