தொடாதீர்கள், செய்முறை நடக்கிறது

‘இரசாயனத்தின் வரலாற்றைக் குடும்பத்தார் தம் கைகளாலேயே செய்து அறிய வழிகாட்டும் செய்முறை விளக்குநர்.’ 1968இல் வந்த சுற்றறிக்கை ஒன்று இந்த இனத்தை இப்படித்தான் வர்ணித்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியைப் பிள்ளைத்தாச்சியை இறக்குவதுபோல இறக்குவார்; பெட்டிக்குள் இருபது கண்ணாடிக் குடுவைகள், ஒரு மெழுகுவத்தி, தாடி வைத்த மேதைகளின் படங்கள்; வாய்க்குள் ஒரே ஒரு சொல்: “தொடாதீங்க!”

கைகளாலேயே என்றுதான் சுற்றறிக்கை சொன்னது. யார் கை என்று சொன்னதா?

இந்த இனத்தின் சிறந்த மாதிரி காசிராஜன். அருப்புக்கோட்டையில் நெசவாளி சென்னகேசவன் வீட்டு முற்றத்தில் அவர் கடை விரித்த அன்று, அங்கே சாயம் போடும் நாள். சென்னகேசவனின் மனைவி வெங்கடலட்சுமி, ஒரு கல்யாணச் சேலைக்கான நூலை நீலச் சாயத் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். சாயம் ஏறியதும் அலசுவதற்கு, சுவரோரம் பதினோரு குடம் தண்ணீர். சித்திரை மாதத்தில், அந்த ஊரில், பதினோரு குடம்!

காசிராஜன் குடுவைகளைக் கழுவினார். தூசி என்று மறுபடி கழுவினார். விரல்ரேகை என்று மூன்றாம் முறையும் கழுவினார்.

“சுத்தந்தான் இரசாயனத்தோட முதல் பாடம்” என்றார்.

யார் வீட்டுத் தண்ணீர் என்பது இரண்டாம் பாடம். அவருடைய பெட்டியில் அது இல்லை.

பிறகு எரியும் மெழுகுவத்திமேல் குடுவையைக் கவிழ்த்தார். அணைந்தது. “காத்துல ஒரு பொருள் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க மேதைகள் எவ்வளவு பாடுபட்டாங்க தெரியுமா?”

யாருக்கும் தெரியாது. கூடியிருந்த தெரு முழுவதும் அவருக்கு முதுகைக் காட்டி நின்றது. தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வந்த நூல், வெங்கடலட்சுமியின் கையில், பார்க்கப் பார்க்க நீலமாகிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் இங்க பாருங்க! செய்முறை இங்க நடக்குது!”

“இருங்க சார், காத்துப் படட்டும்” என்றார் வெங்கடலட்சுமி. “காத்துல என்னமோ இருக்கு. அது பட்டாத்தான் நீலம் பிடிக்கும்.”

“அதுக்குப் பேரு ஆக்ஸிஜன்!”

“பேரெல்லாம் வச்சிட்டீகளா? சந்தோசம்.”

நூலை அலசத் திரும்பி, குடத்துக்குள் செம்பை விட்டார். அடியில் போய் இடித்தது. அடுத்த குடம், அதுவும் இடித்தது. கணவரைப் பார்த்தார்.

“சாரு கழுவுனாக...” என்றார் சென்னகேசவன்.

வெங்கடலட்சுமி அவருக்கு வீட்டுத் தெலுங்கில் இரண்டு வாக்கியம் சொன்னார். விருந்தாளியின் மானம் கருதி அவற்றை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு தமிழுக்கு வந்தார்.

“உடனே அலசலைன்னா சாயத்துல இருக்கிற காரம் நூலை அரிச்சிரும் சார். பொண்ணு வீட்டுக்காரவுக வெள்ளிக்கிழமை வாராக.” காலிக் குடம் ஒன்றைக் காசிராஜன் முன்னால் வைத்தார். “இதைத் தொடலாம். தொடுங்க.”

நூல் பிழைத்தது. அந்த மாத அறிக்கையில் காசிராஜன், ‘ஆக்ஸிஜனின் வரலாற்றை ஒரு குடும்பம் செய்முறை வாயிலாக அறிந்துகொண்டது’ என்று எழுதினார்.

சிரிக்காதீர்கள். அடுப்படியில் நிற்பவரை ஓரமாக நகரச் சொல்லிவிட்டு, ரசம் எப்படிக் கொதிக்கிறது என்று அவருக்கே விளக்கியதில்லையா நீங்கள்? உங்கள் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். எதற்கும் ஏறிப் பாருங்கள்.

காசிராஜன் அன்று செய்தது இது: பொதுக் கிணற்றிலிருந்து பதினோரு குடம் தண்ணீர் சுமந்தார்.