சோடா தர மறுத்த சோடா பாய்

பல் பிடுங்கும் டாக்டர் எந்த ஊரிலும் இருப்பார். பிடுங்கிய பல்லின் குழிக்கு ஊரையே காவல் வைத்த மனிதர் திருவண்ணாமலையில் மட்டும்தான் இருந்தார். தேரடி வீதியில், பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த சோடா பாய். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

கன்னத்தைப் பிடித்தபடி படியிறங்கும் யாருக்கும் அவர் சோடா விற்க மாட்டார். ஐஸ் துண்டைத் துணியில் சுற்றிச் சும்மா கொடுப்பார். ஒருமுறை தொண்டை வறண்டுபோன ஏட்டு ஒருவர் லத்தியால் பலகையைத் தட்டினார்.

"ஒரு சோடா ஒடப்பா."

"வாயில பஞ்சு இருக்குதா?"

"இருந்தா என்ன?"

"இருந்தா சோடா இல்ல."

"தூக்கி உள்ள வெச்சிடுவேன், தெரியுமில்ல?"

"வைங்க. ஆனா நாளைக்கு வரைக்கும் ஸ்டேஷன்லயும் நீங்க எச்சி துப்பக்கூடாது."

ஏட்டு ஐஸை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு போனார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த ஊரில் கணக்கு வாத்தியார். லாட்ஜில் தனி அறை, நிரந்தரமாகாத வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடைவாய்ப்பல் போயிற்று. திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன். அன்று வகுப்பில் நான் பேசுவதை வைத்துத்தான் வேலை தங்குமா என்று தெரியும்.

"திங்கக்கெழம பேசணும் பாய்" என்றேன். பஞ்சைத் தாண்டி வெளியே வந்தது, "இங்கக்கெய ஏகணும் ஆய்."

"அப்ப இன்னிக்குப் பேசாதீங்க சார். சூடு வேணாம், துப்ப வேணாம், உறிஞ்ச வேணாம். சிகரெட்டு இருக்கற பக்கமே போவாதீங்க."

தலையாட்டினேன். மாலையில் வழக்கமான ஹோட்டலுக்குப் போய்க் காப்பி கேட்டேன். சர்வர் ஆறிய பாலில் பிசைந்த இட்லியைக் கொண்டுவந்து வைத்தான்.

"பாய் சொல்லிட்டாருங்க. உங்களுக்குச் சூடா ஏதாச்சும் குடுத்தா நாளைலேர்ந்து எங்களுக்கு சோடா வராதாம்."

அப்போதுதான் புரிந்தது. அந்த ஊரின் கடைகள் பாதிக்கு அவர் சோடாதான். சோடாப் பெட்டி வண்டியோடு என் பல் சேதியும் கடை கடையாகப் போயிருந்தது. பெட்டிக்கடையில் சிகரெட் கேட்டேன். கடைக்காரர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சிகரெட்டுக்காக அடி அண்ணாமலை வரை நடந்தேன். மலையைச் சுற்றி மக்கள் புண்ணியத்துக்கு நடக்கிற பாதை. அங்கிருந்த சின்னக் கடையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"பல்லு புடுங்குன வாத்தியாருதானே நீங்க?"

"இல்லையே" என்றேன், கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்க.

"காலைல சோடா எறக்கறப்பவே சொன்னாங்களே! இடது கன்னம், கண்ணாடி, ஒல்லியா இருப்பாருன்னு. மோர் தரேன். உறிஞ்சாம குடிங்க."

குடித்துவிட்டு நேராகப் பாயின் கடைக்கு வந்தேன்.

"என்னைக் காவல் காக்க நீங்க யாரு?"

பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"கடை வெச்ச புதுசுல ஒருத்தர் பல்லு புடுங்கிட்டு எறங்கி வந்தாரு சார். தாகம்னாரு. ரெண்டு சோடா ஒடச்சிக் குடுத்தேன். அரை மணி நேரத்துல சட்டையெல்லாம் ரத்தம். ரிக்‌ஷால போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பொழச்சிக்கிட்டாரு. ஆனா அந்த சோடா என் கையால ஒடச்சது."

அவர் கழுவிவைத்த பாட்டில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

"இன்னிலேர்ந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணி வெச்சிக் கொப்புளிங்க. மெதுவா. ஜாஸ்தி வேணாம்" என்று மறுபடி பாட்டிலைக் கையில் எடுத்தார்.

அவர் சொன்னபடியே செய்தேன். திங்கட்கிழமை காலை வீக்கம் வடிந்திருந்தது. மூன்று நாள் அடைபட்டுக் கிடந்த பேச்சு முழுவதும் முக்கோணங்களின் மேல் பாய்ந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "குரல் நல்லா இருக்கு."

மாலையில் ஓட்டமாக ஓடிப் போய், வேலை தங்கிவிடும் போலிருக்கிறது என்று சொன்னேன். பாய் அதைக் காதிலேயே வாங்கவில்லை. என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார்.

"வாயத் தொறங்க." உற்றுப் பார்த்தார். "ஜோரா ஆறுது."

அன்றிலிருந்து பள்ளி விட்டு வரும்போதெல்லாம் அதே கட்டளை. சில வாரங்களில் குழி முழுவதும் மூடிவிட்டது; பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மாற்றலாகி ஊரை விட்டுப் போகும்வரை, அவர் கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறந்து காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.