சிமிட்டிக்குக் காய்ச்சல் பார்த்தவர்

உலகத்திலேயே சிமிட்டி மூட்டைக்குக் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துக் கொத்தனார்தான். தோட்ட மருந்தகத்தில் ஊசி போடுபவரை டிரசர் என்போம். அதனால் இவர் சிமிட்டி டிரசர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கண்ணை மூடுவார். சில்லென்றிருந்தால் நல்ல சரக்கு. வெதுவெதுப்பாக இருந்தால், "ஈரம் பட்டிருச்சு, பிழைக்காது. எடுத்துட்டுப் போயிருங்க" என்பார், உறவுக்காரர்கள் வெளியே அழுதுகொண்டு நிற்பதைப் போல.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டையிட்ட அவசரகாலம் அது. கோலசிலாங்கூர்ப் பக்கம் சிதறிக் கிடந்த எங்கள் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, ஒன்றாக்கி முள்கம்பி வேலிக்குள் வைத்திருந்தார்கள். ஆறு வேலிக்கு வெளியே. ரப்பர் மரங்களுக்குள் எப்போது சுடுவார்கள் என்று தெரியாது. என் மனைவிக்கு நிறைமாதம். அவள் குடத்தோடு திரும்பும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பள்ளியைச் சீக்கிரமே விட்டவன். கவலைப்படுவதை மட்டும் முழுதாகக் கற்றவன்.

வேலிக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி கட்டச் சிமிட்டி வந்தது.

"இனிமே சிமிட்டி கிடையாது. தொட்டி வெடிச்சா பொம்பளைங்க திரும்ப ஆத்துக்குத்தான். மணலைக் கூடுதலாப் போட்டு, வெடிச்சா பூச மிச்சம் பிடியா" என்றார் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி.

"மிச்சம் பிடிக்கிறேங்கையா. ஆனா மணல்ல இல்ல, தண்ணியில. ஈரச் சாக்கைப் போத்தித் தூங்க வெச்சா அது பாறை. காய விட்டா அப்பளம்."

வாசல் போலீஸ்காரர் எந்த மூட்டையையும் கம்பியால் குத்திப் பார்ப்பார். "ஐயோ, வயித்துல குத்தாதீங்க!" என்று டிரசர் அலறினார். பிறகு தன் பங்குச் சோற்றைப் பிசைந்து, ஓட்டைகளுக்கெல்லாம் காகிதம் ஒட்டிவிட்டுப் பட்டினி கிடந்தார்.

தொட்டி எழுந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, "தூங்கு, தூங்கு" என்று முணுமுணுத்தார். சாக்கிலிருந்து மெல்ல ஆவி எழும்பியது. தொட்டி மூச்சு விடுகிறதோ என்று தோன்றும். நாங்களும் மெதுவாகவே நடந்தோம்.

"ஏன் டிரசரே, தொட்டில் கட்டலையா?" என்றாள் என் மனைவி.

"கட்டினா உங்க வீட்டுக்காரரு வந்து படுத்துக்குவாருலா!"

மறுநாள் மிச்சமான அரை மூட்டையைப் பெருமையாகத் தோளில் வைத்து, வேலிக்கு வெளியே இருந்த கிடங்குக்குக் கிளம்பினார். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பருக்கைகூட வாசலைத் தாண்டக் கூடாத காலம். போலீஸ்காரர் மூட்டையைச் சுரண்டினார்.

"இது என்னா? சோறு!"

"சோறு இல்லீங்க, பிளாஸ்திரி!"

வாசல் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். வெயில் ஏறியது. சன்னல் கம்பிக்குள்ளிருந்து குரல் வந்தது: "என்னை விடுங்கய்யா, சாக்கு காயுது! தண்ணி காட்டுங்க!"

எந்தத் தண்ணீரை? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றிலிருந்து சுமந்து வந்த குடங்கள்தான் இருந்தன. நான் யோசித்து முடிப்பதற்குள் என் மனைவி தன் குடத்தைச் சாக்கின்மேல் கவிழ்த்தாள். பிறகு லயமே கவிழ்த்தது. யாரும் பார்க்காதபோது "தூங்கு" என்று நானும் சொன்னேன்.

பிற்பகலில் கிராணி பேசி மீட்டுக்கொண்டு வந்தார். டிரசர் நேரே தொட்டிக்குப் போய், சாக்குக்கு அடியில் கையை விட்டுக் கண்ணை மூடினார். நாங்கள் மூச்சுவிடவில்லை.

"சில்லுனு இருக்கு."

அந்தத் தொட்டி ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. என் மகளின் முதல் குளியல் அந்தத் தண்ணீரில்தான்.

அவளுக்கு முதன்முதலாகக் காய்ச்சல் கண்டபோது, நிஜ டிரசர் மருந்து கொடுத்தும் எனக்குப் பயம் தீரவில்லை. இவரை அழைத்து வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நெற்றியில் வைத்தார். கண்ணை மூடினார்.

"நல்ல சரக்குங்க. தண்ணி மட்டும் காட்டுங்க."

அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.