ஒருவேளை அண்ணனும் மரத்தில் தொங்கிய லாபமும்

மலேசியாவில், எங்கள் கெடா மாநிலத்தில் எத்தனையோ கம்பெனிகள் இருக்கின்றன. காவலுக்கு ஆள் வைத்திருப்பார்கள், தேநீர் கலக்க ஆள் வைத்திருப்பார்கள். பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருந்தது எங்கள் கம்பெனி மட்டும்தான். அலோர் ஸ்டாரில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். கதவில் மாட்டியிருந்த பெயர் வேறு. ஆனால் கீழே வாசலில் நிற்கும் காவலாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்களுக்கெல்லாம் அவர் ஒருவேளை அண்ணன்.

அவர் வாயைத் திறந்தால் முதலில் விழுவது அந்தச் சொல்தான். லிஃப்டில் ஏறமாட்டார், ஒருவேளை நடுவில் நின்றுவிட்டால்? படியில் இறங்கும்போது ஒருவேளை வழுக்கினால் என்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். யாருக்கு மின்னஞ்சல் அனுப்புவதென்றாலும் முதலில் தனக்கே ஒன்று அனுப்பி, அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்தவருக்கு அனுப்புவார். என் கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபத்தில் தீயணைப்பு உருளை இருந்த தூணாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். ஆல்பத்தில் அவர் இருக்கிற படத்திலெல்லாம் அந்தச் சிவப்பு உருளையும் உறவுக்காரர் மாதிரி பக்கத்தில் நிற்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களுடையது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டக் கம்பெனி. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டம், கரங்கானில் ஒரு பெரிய தோட்டம். முப்பது வருஷமாக அந்த மரங்களுக்குக் கணக்கு எழுதிய ஒருவேளை அண்ணன் ஒரு நாளும் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. பாம்பு இருக்கும், குளவி இருக்கும், ஆளுயரத்துக்கு மேலே குலை தொங்கும், அது ஒருவேளை இவர் போகும் நேரம் பார்த்து விழும். இந்தக் காரணங்களை அவர் சொல்லி நான் கேட்டு, கொஞ்ச நாளில் எனக்கே செம்பனை மரத்தைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. அவருடைய அறையில் எதிர் மேசை என்னுடையது. பயம் ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதிய கணக்கியல் தரநிலை வந்து சேர்ந்தது. அதுவரை, மரத்தில் தொங்கும் குலையைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதில்லை. வெட்டி, லாரியில் ஏற்றி, ஆலையில் எடை போட்டால்தான் அது கணக்குக்கு வரும். புதிய விதி அப்படி விடவில்லை. காலாண்டு முடிகிற நாளில் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் குலைக்கும் அன்றைய சந்தை விலையில் மதிப்புப் போட வேண்டும், அந்த மதிப்பு ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம். அதோடு போகாமல், போன வருஷம் அதே மூன்று மாதத்தையும் இதே விதிப்படி திரும்பக் கணக்குப் போட்டு, இந்த வருஷக் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

யார் போய் மரம் மரமாக ஏறி எண்ணுவது? அதற்கு ஒரு வழி இருந்தது. காலாண்டு முடிந்ததற்கு அடுத்த இரண்டு வாரத்தில் எவ்வளவு குலை வெட்டினார்களோ, அவ்வளவும் அந்தக் கடைசி நாளில் மரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வது. பெரிய கம்பெனிகளே அப்படித்தான் செய்கின்றன என்று ஆடிட்டர் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவேளை அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவர் பயத்துக்கு அந்த முறை நிஜமான காரணமும் இருந்தது. வயது அறுபதைத் தாண்டி, வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தார். எங்கள் எம்.டி. சீனர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, புதிய தரநிலையில் போகிற முதல் அறிக்கை இது, தாமதமாகக் கூடாது, அனுப்பிய பிறகு திருத்தம் என்றும் வரக் கூடாது, வந்தால் அக்கவுண்ட்ஸ் வேலை முழுவதையும் பினாங்கில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுவேன் என்று சொன்னார். அண்ணன் வீட்டில் அண்ணிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனி மருத்துவ அட்டை அவருடைய வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அறைக்குத் திரும்பியதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்து நாற்காலியின் நான்கு காலையும் ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்குப் போட்டு முடித்தோம். கரங்கான் தோட்டத்தில் மரத்தில் தொங்கிய குலையின் மதிப்பு போன வருஷத்தைவிட எகிறிக்கொண்டு நின்றது. லாபமும் அதோடு சேர்ந்து ஏறியது. எம்.டி.க்கு வாயெல்லாம் பல். அன்று மாலை எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். போர்டு மீட்டிங் மறுநாள் விட்டு அடுத்த நாள், அது முடிந்த அன்றே பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும், அதுதான் கடைசி நாள். நான் இரண்டாவது துண்டு கேக்கில் இருந்தபோது ஒருவேளை அண்ணன் முதல் துண்டைத் தொடாமல் கரங்கான் கணக்குத் தாளையே புரட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அதே மரம், அதே ஆளுங்க. எப்படி ஒரே வருஷத்துல இவ்ளோ பழம் வரும்?"

"மழை நல்லா பெஞ்சிருக்கும்ண்ணே. நம்பர் சரியாதானே இருக்கு, விடுங்கலா."

"ஒருவேள அந்தப் பழமே அங்க இல்லன்னா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். கரங்கானுக்குப் போக வேண்டும், நான்தான் கார் ஓட்ட வேண்டும் என்றார். அவர் கையில் முகம் முழுக்க மூடுகிற மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இருந்தது, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வழியெல்லாம் என் வேகத்தைக் குறைக்கச் சொன்னதில் சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பியும் பார்த்தார். தோட்டம் நெருங்கியதும் அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டார். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று ஹெல்மெட்டை ஆட்டினார்.

தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோர் ஒரு பெண். எல்லாரும் மண்டோர் அக்கா என்பார்கள். ஹெல்மெட்டோடு மரத்தடியில் வந்து நின்ற உருவத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாரு மோட்டர எங்க போட்டாரு?" என்று என்னிடம் கேட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டேன்.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் மரத்தில் நிஜமாகவே அவ்வளவு பழம் இருந்ததா என்றுதான் அண்ணன் கேட்டார். இருந்தது, கழுத்து வலிக்கிற அளவுக்கு இருந்தது என்றார் மண்டோர் அக்கா. எனக்கு உயிர் வந்தது. நான் காரை நோக்கித் திரும்பிவிட்டேன். ஆனால் அண்ணன் நகரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிய முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"அப்போ போன வருஷம் மட்டும் ஏன் அவ்ளோ கொறைச்சல், அக்கா?"

"கொறைச்சலா? யாரு சொன்னா? போன வருஷம் கோயில் திருவிழா ஏப்ரல்ல வந்துச்சு. காப்பு கட்டிட்டா எங்க தோட்டத்துல மரத்துல கத்தி வைக்க மாட்டோம் சார். மஞ்சத் தண்ணி ஊத்தி முடியறவரைக்கும் எவனும் தொடமாட்டான். வங்காளதேசத்துப் பையனுங்ககூட மோர் ஊத்த வந்துருவானுங்க. இந்த வருஷம் மார்ச்லயே முடிஞ்சிருச்சு, அதான் ஏப்ரல்ல மலை மாதிரி வெட்டுனோம்."

அவ்வளவுதான் விஷயம். போன வருஷத்துக்கென்று நாங்கள் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு வாரத்தில் பாதி நாட்கள் தோட்டத்தில் கத்தியே எடுக்கவில்லை. பழம் மரத்தில்தான் இருந்தது, அம்மனுக்காகக் காத்துக்கொண்டு. எங்கள் கணக்கு மட்டும் பழமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, இந்த வருஷம் ஏறியதாக எம்.டி. கேக் வெட்டிய லாபத்தில் பெரும்பகுதி ஏறவே இல்லை. குளுகுளு அறையில் உட்கார்ந்து படித்த எனக்கும் ஆடிட்டருக்கும் மாரியம்மன் கோயில் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லைதான், ஆனால் அவருக்குப் பயமாவது வந்தது.

காரில் திரும்பினோம். இதைச் சொன்னால் எம்.டி. முகம் எப்படி மாறும் என்பது இருவருக்கும் தெரியும். சொல்லாவிட்டால் அறிக்கை அழகாகப் போய்விடும், அண்ணி அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போவார். நானே அதைச் சொன்னேன். இந்த ஒரு தடவை பேசாமல் இருந்துவிடுங்கள், அண்ணியை நினைத்துப் பாருங்கள் என்றேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். போன வருஷக் கட்டத்தை அன்று ராத்திரிக்குள் திருத்திப் போட்டோம், திருவிழா நாளைத் தள்ளிவிட்டு, அதற்கடுத்து வெட்டிய நாட்களைச் சேர்த்து.

போர்டு மீட்டிங்கில் அவர் எழுந்து நின்றபோது கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. துடைக்கப் போன டிஷ்யூ பெட்டியும் கீழே விழுந்தது. அந்தக் களேபரத்துக்கு நடுவிலேயே மலாயில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். காப்பு கட்டுதல் என்பதை மலாயில் சொல்ல அவர் பட்ட பாடு தனிக்கதை. எம்.டி. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாபத்தில் ஏற்றம் எப்படி வற்றிப்போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் அவர் நிமிர்ந்து, பழையதையே அனுப்பியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்களா என்று கேட்டார்.

"கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க பாஸ்," என்றார் அண்ணன், மலாயில்தான். இந்த ஒரு தடவை ஒருவேளை போடவில்லை. "அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

எம்.டி. புதிய தாளில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். மழை, வெயில் என்று வருஷக்கணக்காக நாங்கள் அறிக்கையில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பருவகாலக் குறிப்பில், உள்ளூர் விழாக்காலத்தால் அறுவடை நாள் மாறும் என்று முதல் தடவையாக ஒரு வரி ஏறியது. அறிக்கை நேரத்துக்குப் போனது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்த பதிலை அண்ணன் நம்பாமல் என்னைப் போன் போட்டுக் கேட்கச் சொன்னார்.

ஒப்பந்தத்தைப் பற்றி எம்.டி. மூச்சு விடவில்லை. அந்த வருஷக் கடைசி வரை நாங்கள் இருவரும் ஒவ்வொரு உறைக்கும் நடுங்கினோம். கடைசியில் வந்த கடிதத்தை அண்ணன் பிரிக்க மாட்டேன் என்று என்னிடம் நீட்டினார். புதுப்பித்திருந்தார்கள், ஒரு வருஷத்துக்கு இல்லை, மூன்று வருஷத்துக்கு. அன்று மாலை எம்.டி. என் மேசைப் பக்கம் வந்தவர், அந்த மனிதர் பயந்துகொண்டிருக்கிற வரைக்கும்தான் தனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் இப்போது ஓய்வில் ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அண்ணி காலமாகிவிட்டார். காலாண்டு முடிகிற நாளில் காலையிலேயே எனக்குப் போன் வந்துவிடும், அதைப் பார்த்தாயா, இதைப் பார்த்தாயா என்று. வேலை நேரத்தில் உயிரை எடுக்கிறீர்களே என்று நானும் எரிந்து விழுவேன். போன மார்ச் கடைசி நாளில் மத்தியானம் ஆகியும் போன் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானே கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அவர் "ஹலோ" என்றதும் சாப்பிட்டீங்களாண்ணே என்று மட்டும் கேட்டேன்.